சேவை செய்வது யாருக்காக?

சித்திரை வெயில் ஏறியதும் தமிழ்நாட்டு ஊர்களில் தண்ணீர்ப் பந்தல்கள் முளைக்கும். கீற்று வேய்ந்து, வாழைமரம் கட்டி, பெரிய மண்பானை வைத்து, பின்னால் ஆளுயர பேனரும் கட்டிவிடுவார்கள். திறப்பு விழா அன்று மோர், இளநீர், தர்பூசணி, வெள்ளரிப் பிஞ்சு என்று அமர்க்களப்படும். மூன்றாம் நாள் அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பல இடங்களில் பேனர் அப்படியே இருக்கும், பானை காய்ந்து கிடக்கும். "காட்சிப் பொருளான தண்ணீர்ப் பந்தல்" என்று செய்தித்தாளில் படம் வராத கோடை உண்டா?

மயிலம் முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் நடக்கும்போது இன்னொரு வகைப் பந்தலைப் பார்க்கலாம். வெயிலில் வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களுக்கு யாரோ மோர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஊற்றுகிறவர் பெயர் குடிக்கிறவருக்குத் தெரியாது. தாகம் தீர்ந்ததா, அடுத்த ஆளுக்கு மோர் இருக்கிறதா என்பது மட்டும்தான் அங்கே கணக்கு.

இரண்டும் தண்ணீர்ப் பந்தல்தான். ஆனால் முதலாவது திறந்து வைக்கிறவருக்காக, இரண்டாவது குடிக்கிறவருக்காக. பள்ளி, கல்லூரி மாணவர்கள் நடத்துகிற சேவைத் திட்டங்களிலும் இதே இரண்டு வகை உண்டு. இதைப் பற்றி யோசிக்கப் பொருத்தமான இடம் சர்வதேசக் கிறிஸ்தவப் பள்ளிகள். ஏனென்றால் அங்கே சேவை என்பது விருப்பப் பாடம் அல்ல, பள்ளியின் அடையாளமே அதுதான்.

கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பள்ளி இருக்கிறது. இந்தியாவில் வேலை பார்த்த அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-ல் 13 மாணவர்களோடு தொடங்கியது. அப்போது பெயர் ஹைகிளர்க், இன்று கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். 1976-ல், இந்தியாவிலேயே முதல் பள்ளியாக, ஐ.பி. என்று சொல்லப்படும் இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் படிப்பைக் கொண்டுவந்தது. ஊட்டியில் ஹெப்ரான், முசூரியில் உட்ஸ்டாக் என்று இதே வரலாறு கொண்ட பள்ளிகள் இன்னும் உண்டு. வெளிநாடுகளில் இப்படிப்பட்ட பள்ளிகள் ஏராளம். தொடக்கத்தில் மிஷனரி பிள்ளைகளுக்காக இருந்தவை, இன்று பல நாட்டு, பல மதப் பிள்ளைகள் ஒரே விடுதியில் சாப்பிட்டு ஒரே வகுப்பில் படிக்கிற இடங்களாகிவிட்டன.

ஐ.பி. டிப்ளமோ வாங்க மதிப்பெண் மட்டும் போதாது. படைப்பு, உடற்பயிற்சி, சேவை என்று மூன்றும் செய்தாக வேண்டும். 2000-களில் இதற்கு மணிக்கணக்கு இருந்தது. இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 150 மணி நேரம், அதில் மூன்றில் ஒரு பங்கு சேவைக்கு. மாணவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மணியை எண்ணினார்கள்! பிறகு அந்த மணிக்கணக்கு கைவிடப்பட்டது. இப்போது ஏறக்குறைய 18 மாதங்கள் தொடர்ந்து ஈடுபட வேண்டும், குறைந்தது ஒரு மாதமாவது நீளும் கூட்டுத் திட்டம் ஒன்று வேண்டும், என்ன கற்றோம் என்பதை மாணவரே எழுத வேண்டும். விதியை எழுதியவர்களுக்கே ஒரு விஷயம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்வது சேவை ஆகாது.

நம் நாட்டு என்.எஸ்.எஸ். மட்டும் என்ன? காந்தி நூற்றாண்டான 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய அருமையான திட்டம் அது. "எனக்காக அல்ல, உனக்காக" என்பதுதான் அதன் குறிக்கோள். ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள், கூடவே ஒரு கிராமத்தில் 7 நாள் முகாம். ஆனால் சான்றிதழ் வாங்கப் போகும் மாணவனிடம் அந்தக் கிராமத்தின் தேவை என்னவென்று கேட்டுப் பாருங்கள். முகாம் போட்ட கோயில் மண்டபமும், சாப்பாட்டு மெனுவும், கடைசி நாள் கலைநிகழ்ச்சியும் நினைவிருக்கும். தேவை?

இந்த மாணவர்கள் சோம்பேறிகள் என்று சொல்வது அநியாயம். ஒரு நிதி திரட்டும் விழாவை நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். கமிட்டி போட வேண்டும். தேதி குறிக்க வேண்டும், அன்று பரீட்சை இருக்கக் கூடாது. பஸ்ஸுக்கு அனுமதி, பெற்றோர் கையெழுத்து, கூப்பன் அச்சடிப்பு, ஸ்டால் ஒதுக்கீடு, மைக் செட், மழை வந்தால் மாற்று ஏற்பாடு, முடிந்தபின் குப்பை பொறுக்குதல், கடைசியாகக் கணக்கு. பதினாறு வயதில் இவ்வளவையும் செய்து முடிப்பவர்கள் வாழ்க்கையில் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்கள். இதில் சந்தேகமே இல்லை.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விழா நடத்தியவர்கள் நிறையக் கற்றுக்கொள்கிறார்கள். யாருக்காக நடத்தினார்களோ அவர்களுக்கு என்ன கிடைத்தது? கிராமத்துப் பள்ளிக்கூடச் சுவரில் இந்த ஆண்டு ஒரு குழு வந்து சூரியனும் மரமும் வரைந்துவிட்டுப் போகிறது. அடுத்த ஆண்டு இன்னொரு குழு வந்து வெள்ளையடித்து மறுபடியும் சூரியனும் மரமும் வரைகிறது. அந்தப் பள்ளியின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று இரண்டு குழுவுமே கேட்கவில்லை என்றால், அது யாருடைய திட்டம்?

இதற்குப் பதில் தேட வெளிநாடு போக வேண்டாம், கொடைக்கானல் மலைகூட ஏற வேண்டாம். மயிலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் திண்டிவனத்தில் ஓர் இரவு நடந்ததைக் கேட்டாலே போதும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்ட் என்ற ஊர். அங்கே மத போதகர் மூடி 1879-ல் தொடங்கிய பெண்கள் பள்ளியில் ஒரு பெண் படித்தார். பெயர் ஐடா ஸ்கடர். பிறந்தது 1870-ல், நம் ராணிப்பேட்டையில். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே மருத்துவ மிஷனரியாக யாழ்ப்பாணம் வந்தவர். அப்பாவும் மருத்துவர்தான், அப்போது திண்டிவனத்தில் பணி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் ஐடா திண்டிவனம் வந்தார். தங்கிவிடும் எண்ணமெல்லாம் துளியும் இல்லை. சிறு வயதில் பார்த்த பஞ்சமும் புழுதியும் அவருக்கு மறக்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டு அமெரிக்கா திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் இரவு கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமண இளைஞர். மனைவிக்குப் பிரசவம், ஆபத்தான நிலை, உதவ வர முடியுமா என்று கேட்டார். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் தன் மனைவியைத் தொடக் கூடாது என்று சொல்லி அவர் போய்விட்டார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம். அதே பிரச்சினை, அதே பதில். அதன் பிறகு இன்னொரு இந்து. அவரும் அப்படியே திரும்பிப் போனார். விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டது தெரிந்தது.

இந்தக் கதை பலருக்குத் தெரியும். அந்தப் பெண்தான் பிறகு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கினார் என்பதும் தெரியும். ஆனால் சேவைத் திட்டம் போடுகிறவர்கள் இதில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் வேறு.

முதலாவது, அந்த இரவில் ஐடாவிடம் நல்ல மனசுக்குக் குறைவில்லை. உதவத் தயாராகத்தான் இருந்தார். அப்பாவும் தயார், மருந்தும் வீட்டில் இருந்தது. இருந்தும் மூன்று உயிர்கள் போயின. தேவைப்பட்டது பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒரு பெண். நல்ல மனசு மட்டும் போதாது, வேலை தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, தேவை என்ன என்பதைச் சொன்னவர்கள் கதவைத் தட்டியவர்கள். எந்த உதவியைத் தங்களால் ஏற்க முடியாது என்பதையும் அவர்களே சொன்னார்கள். "படிக்காத ஜனங்கள், மூடப் பழக்கம்" என்று திட்டிவிட்டு ஐடா கப்பல் ஏறியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் வேறு முடிவு எடுத்தார். இந்த ஊர்ப் பெண்களிடம் பெண் மருத்துவர்தான் போக முடியும் என்றால், தான் மருத்துவராக வேண்டும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். அவர் மறுநாளே ஒரு முகாம் நடத்தவில்லை. திரும்பிப் போய்ப் படித்தார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூருக்கு வந்து ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கை கொண்ட மருத்துவமனை. தான் ஒருத்தி போதாது என்று தெரிந்ததும் 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அதாவது, உதவி செய்வதோடு நிற்காமல், உதவி செய்யத் தெரிந்த இந்தியப் பெண்களை உருவாக்கினார். 1960-ல் கொடைக்கானலில் காலமாகும் வரை இந்த மண்ணை விடவில்லை. ஓர் இரவில் கேட்ட கேள்விக்கு ஒரு ஆயுள் முழுக்கப் பதில் சொன்னார்.

நிதி திரட்டுவதை அவர் இழிவாக நினைக்கவும் இல்லை. மருத்துவமனை கட்ட நன்கொடை தேடி நியூயார்க்கில் அலைந்தார். மறைந்த தன் மனைவியின் நினைவாக ஒரு வங்கியாளர் 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் 1902-ன் மருத்துவமனை எழுந்தது. ஆனால் கேட்கப் போவதற்கு முன்பே பணம் எதற்கு, எந்த ஊரில், யாருக்கு என்பது தெளிவாக இருந்தது. இன்றைய பல விழாக்களில் முதலில் தேதி முடிவாகிறது, பிறகு மேடை அலங்காரம், பிறகு டி-ஷர்ட்டின் நிறம். வசூலை யாருக்குக் கொடுப்பது என்பது கடைசிக் கூட்டத்தில் அவசரமாக முடிவாகிறது. ஒரு லட்சம் ரூபாய் வசூலித்து எண்பதாயிரம் ரூபாயைப் பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் செலவழித்தால், சேவை செய்யப்பட்டது யாருக்கு? பந்தல்காரருக்கு!

எல்லா மாணவரும் ஐடா ஸ்கடர் ஆக முடியுமா என்று கேட்கலாம். முடியாது, ஆகவும் வேண்டாம். ஆனால் அவர் செய்த வரிசையைப் பின்பற்றலாம். கேட்பது, வேலையைக் கற்பது, திரும்பி வருவது. இந்த மூன்றும் ஒரு பள்ளியின் அளவுக்குள் நடக்கக் கூடியவைதான்.

மயிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததும் போய்விடாமல் அங்கேயே நின்று கொட்டியது. 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. இப்படி ஒரு செய்தி வந்ததும் நல்ல உள்ளங்கள் முதலில் செய்வது பழைய துணி சேகரிப்பதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் என்ன நடந்தது என்பதை அப்போதைய செய்திகளைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கிருந்தோ லாரி லாரியாக வந்த பழைய துணிகள் தெருவோரம் குவிந்து கிடந்தன. மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. எல்லாம் இழந்தவர்களும் மானம் உள்ளவர்கள்தான், கிழிந்ததைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

வெள்ளம் புகுந்த வீட்டுக்கு முதல் நாள் வேண்டியது சமைத்த சாப்பாடும் குடிதண்ணீரும். ஐந்தாம் நாள் வேண்டியது சேற்றை அள்ள மண்வெட்டியும் ஆளும், பிளீச்சிங் பவுடரும். மூன்றாவது வாரம், நனைந்து போன ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் மனு எழுதிக் கொடுக்க யாராவது. இரண்டாவது மாதம், பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம், விவசாயிக்கு விதை. முதல் நாள் போக எல்லோரும் தயார், கேமராவும் தயார். மூன்றாவது வாரம் யாரும் வருவதில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனால் மிக நன்றாகச் செய்யக் கூடியது அந்த மூன்றாவது வாரத்து வேலைதான்! ஆன்லைனில் விண்ணப்பிக்கத் தெரியும், படிவம் நிரப்பத் தெரியும், ஒரு மூதாட்டிக்குப் பொறுமையாக விளக்கவும் முடியும்.

இதே விழுப்புரம் மாவட்டத்தில் இன்னொரு உதாரணம் இருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தையே மறந்துபோனபோது, தமிழக அரசு "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பம் கிராமத்தில்தான் முதலமைச்சர் அதைத் தொடங்கி வைத்தார். மாலை நேரத்தில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் சொல்லிக் கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அந்தந்தப் பகுதியிலேயே வசித்த பெண்கள். பஸ் ஏறி வந்து போனவர்கள் அல்ல. ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் வீட்டுக்கே போய் "ஏம்மா, பொண்ணு ஏன் வரல?" என்று கேட்கக் கூடியவர்கள். வெளியிலிருந்து வரும் பணக்காரப் பள்ளி மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் வந்து ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பதைவிட, இப்படி உள்ளூரில் தினமும் சொல்லிக் கொடுப்பவருக்கு வேண்டிய புத்தகம், கரும்பலகை, விளக்கு இவற்றுக்கு ஏற்பாடு செய்தால் எவ்வளவு பிரயோஜனம்!

அடுத்தது போட்டோ. ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்குப் போவது, கேக் வெட்டுவது, ஒரு குழந்தையை மடியில் வைத்துப் படம் எடுத்து இணையத்தில் போடுவது. இது வெறும் நாகரிகப் பிரச்சினை அல்ல. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவதை 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவு, தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள். உங்கள் தம்பியின் மிக மோசமான நாளில் முன்பின் தெரியாத யாரோ வந்து சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தால் எப்படி இருக்கும்? அப்படிப் பாசம் காட்டிவிட்டு மறுநாள் காணாமல் போகிறவர்களை அந்தக் குழந்தைகள் எத்தனை முறைதான் வழியனுப்புவார்கள்?

கிறிஸ்தவப் பள்ளிகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சோதனை உண்டு. அவர்கள் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தாலே "மதம் மாற்ற வந்திருக்கிறார்களோ" என்று சிலர் பார்ப்பார்கள். இந்தச் சந்தேகத்துக்கு மேடைப் பேச்சில் பதில் சொல்ல முடியாது. உதவிக்கு எந்த நிபந்தனையும் இல்லை என்பதை நடத்தையில்தான் காட்ட முடியும். திண்டிவனத்தில் கதவைத் தட்டிய மூன்று பேரும் கிறிஸ்தவர்கள் அல்ல. அந்த மூன்று வீடுகளைப் போன்ற வீடுகளுக்காகத்தான் ஐடா மருத்துவரானார். இன்றும் வேலூர் மருத்துவமனையின் வரிசையில் நிற்பவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. ஒரு பள்ளி தன் விசுவாசத்தைக் காட்ட இதைவிட நல்ல வழி இருக்க முடியாது.

"பாவம், சின்னப் பிள்ளைகள். ஏதோ நல்லது செய்கிறார்கள். அதையும் குறை சொன்னால் ஒன்றுமே செய்யாமல் போய்விடுவார்கள்" என்று சிலர் சொல்லலாம். நியாயமான பயம்தான். ஒரு நாள் முகாமுக்குப் போனதால்தான் வறுமையை முதல்முறையாக நேரில் பார்த்தேன் என்று சொல்கிறவர்கள் நிறைய. அந்த ஒரு நாளால் அவர்களுக்கு ஏதோ மாறியிருக்கலாம். ஐடாவுக்கும் ஓர் இரவுதானே!

ஆமாம், ஓர் இரவுதான். ஆனால் அந்த இரவை அவர் சேவை என்று சொல்லிக்கொள்ளவில்லை. அன்று தன்னால் எதுவும் செய்ய முடியவில்லை என்பதைத்தான் உணர்ந்தார். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவதில் தவறில்லை. அதற்குக் கற்றல் என்று பெயர் வையுங்கள். கற்றுக் கொடுத்த கிராமத்துக்கு நன்றி சொல்லுங்கள். அதையே சேவை என்று அழைத்து, சான்றிதழும் வாங்கி, கிராமம் நமக்குக் கடன்பட்டது போல நடந்துகொள்வதுதான் தவறு.

ஆகவே அடுத்த முறை கமிட்டி கூடும்போது, தேதிக்கும் டி-ஷர்ட்டுக்கும் முன்னால் சில கேள்விகளை எழுதி வைக்கலாம். இது வேண்டும் என்று அந்த ஊரில் கேட்டது யார்? அந்த வேலை இந்தக் குழுவுக்குத் தெரியுமா, தெரியாவிட்டால் யாரிடம் கற்பது? வசூலில் எத்தனை ரூபாய் அவர்களுக்குப் போய்ச் சேரும்? அடுத்த ஆண்டு இந்த மாணவர்கள் படிப்பை முடித்துப் போனபின் யார் தொடர்வது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் திட்டத்தைச் சின்னதாக்குங்கள். பத்து கிராமம் வேண்டாம், ஒரு கிராமம் போதும். ஒரு கிராமம்கூட வேண்டாம், விடுதியில் சமைக்கிற அக்காவின் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாலும் போதும், ஆண்டு முழுக்கச் சொல்லிக் கொடுத்தால்.

பந்தல் சிறியதாக இருக்கட்டும், பேனரே இல்லாமல் இருக்கட்டும். மூன்றாம் நாளும் பானையில் தண்ணீர் இருக்க வேண்டும்.